ரொமான்டிக் இசையை, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டு மேற்கத்திய இசையை, அந்தக் காலத்து முறையில் வாசித்துப் பதிவு செய்கிறார்களே, கேட்பவருக்கு வித்தியாசம் தெரியுமா?

நன்றாகவே தெரியும். எனக்கு அதைப் புரியவைத்தது 2017இல் வெளிவந்த ஓர் ஆல்பம். ஜெர்மன் இசையமைப்பாளர் மென்டல்சனின் ஈ மைனர் வயலின் கன்செர்ட்டோ, அதாவது தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. வாசித்தவர் இசபெல் ஃபவுஸ்ட், கூடவே பாப்லோ ஹெராஸ் காசாடோ நடத்திய ஃப்ரைபுர்க் பரோக் ஆர்க்கெஸ்ட்ரா.

முதல் பகுதியில் இரண்டாவது மெட்டு தொடங்கும் இடத்துக்குப் போங்கள். வயலின் மேலிருந்து படிப்படியாக இறங்கி, கடைசித் தந்தியான ஜியில் வந்து நின்றுவிடும். மெட்டு கிளாரினெட்டுக்கும் ஃப்ளூட்டுக்கும் போய்விடும். வயலின் அவற்றுக்குக் கீழே ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்திருக்கும், தம்புரா மாதிரி. விரலே படாத தந்தி அது, அதனால் விரலை அசைத்து ஸ்வரத்தை நடுங்கவைக்கும் விப்ராட்டோவுக்கு வழியில்லை. ஒவ்வொரு ஸ்வரத்தையும் விடாமல் அசைத்து வாசிக்கும் வழக்கமான பதிவுகளில் இந்த இடம் மட்டும் திடீரென்று வெறிச்சோடிப் போகும். ஃபவுஸ்ட் விப்ராட்டோவை முதலிலிருந்தே அளந்துதான் பயன்படுத்துகிறார். அதனால் அந்த ஜி முன்னால் வந்ததோடு இயல்பாகச் சேர்ந்துகொள்கிறது. எத்தனை முறை கேட்டாலும் இங்கே எனக்கு மூச்சு நின்றுவிடும்.

அப்புறம், வழுக்கல். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு விரலைத் தூக்காமல் இழைந்து போவது. கர்நாடக வயலின் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. ஆனால் மேற்கத்திய வயலினில் இருபதாம் நூற்றாண்டு போகப் போக இது ரொம்பவே குறைந்துவிட்டது. ஃபவுஸ்ட் அதைத் துணிந்து கொண்டுவருகிறார்.

அந்தக் காலத்தில் இப்படித்தான் வாசித்தார்கள் என்பதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டால், காதாலேயே கேட்கலாம். 1845 மார்ச் 13 அன்று லைப்சிக்கில் இந்தக் கன்செர்ட்டோவை முதலில் வாசித்த ஃபெர்டினாண்ட் டேவிட்டின் வாசிப்பு நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சிறுவனாக அதே ஊரில் மென்டல்சனின் அரவணைப்பில் வளர்ந்த வயலின் கலைஞர் யோசஃப் யோவாகிம், 1903இல் தன் 72ஆவது வயதில் சில இசைத்தட்டுகள் பதிவு செய்தார். அவற்றில் விப்ராட்டோ மிகக் குறைவு, வழுக்கல் தாராளம்.

முதலில் யோவாகிமின் அந்தக் கரகரப்பான தட்டுகளில் ஒன்றைக் கேளுங்கள், மூன்று நிமிடம்தான். கையோடு ஃபவுஸ்டைப் போடுங்கள்.