மாத்திரை அட்டையைக் கடலில் வீசிய மாமனார்

கேள்வி: என் மாமனாருக்கு 68 வயது. நாட்டுப்படகில் கடலுக்குப் போய்வந்தவர். மூன்று ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். அதற்கு லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். “மூளையில் இரும்பு சேர்ந்து வீங்குவதால்தான் இந்த நோயே வருகிறது” என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அட்டையோடு பாம்பன் கடலில் வீசிவிட்டார். முருங்கைக்கீரையையும் தொடுவதில்லை. அவர் செய்தது சரியா, டாக்டர்?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: கடலுக்கு இரத்தசோகை இல்லை, அம்மா. உங்கள் மாமனாருக்குத்தான் இருக்கிறது. வேறோர் அட்டை வாங்குங்கள்.

ஆனால் அவரிடம் சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. இந்த நோயில் நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கறுப்புத் திட்டில் இரும்பு கூடுகிறது. ‘வீக்கம்’ என்பதுதான் தவறு. அழற்சி என்று சொல்லியிருக்க வேண்டும். மைக்ரோகிளியா என்னும் காவல் செல்கள் அங்கே சீறிக்கொண்டு நிற்பதை 1988இல் கனடாவில் மெக்கீர் குழுவினர், இறந்த நோயாளிகளின் மூளையில் கண்டார்கள். அவை கக்கும் பொருள்களால் பக்கத்து நரம்புச் செல் இரும்பை உள்ளே இழுக்கிறது, வெளியேறும் வாசலையும் சாத்திக்கொள்கிறது. தேங்கிய இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து செல்லின் சவ்வை அரிக்கிறது. செல் செத்து உடைந்தால் இரும்பு வெளியே கொட்டும். காவல் செல்கள் இன்னும் சீறும். எது முதலில் தொடங்கியது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது.

சரி, இரும்பை உறிஞ்சி எடுத்துவிட்டால்? செய்தே பார்த்தார்கள். ஐரோப்பாவில், லெவோடோபா தொடங்காத புதிய நோயாளிகள் 372 பேரில் பாதிப் பேருக்கு டெஃபெரிப்ரோன் என்னும் மருந்தை 36 வாரம் கொடுத்தார்கள். 2022இல் முடிவு வந்தது. மூளையில் இரும்பு குறைந்தது. மருந்து பெற்றவர்களோ பெறாதவர்களைவிட மோசமானார்கள். இந்த நோயில் மூளையில் குறைந்துபோவது டோபமைன் என்ற பொருள். அதைச் செய்யும் நொதிக்கே இரும்பு வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. உடம்பில் இரும்பு பற்றாமல் இருக்கும்போதே மூளையின் ஒரு மூலையில் அது மிகுந்திருக்கலாம். கீரையை நிறுத்தினால் அந்த மூலை காலியாகாது.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. தேவிபட்டினத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், காலை ஆறு மணிக்கு லெவோடோபாவையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வாய்த் தேநீரில் விழுங்குவார். எட்டு மணிக்கு வலை ஊசியைப் பிடிக்க முடியவில்லை. மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டை. போலி இல்லை. வயிற்றில் இரும்பு லெவோடோபாவைக் கட்டிப்போட்டுவிடும். தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுத்தோம், தேநீரையும் பிரித்தோம். அடுத்த முறை வந்தபோது சட்டைப் பொத்தானைத் தானே போட்டிருந்தார்.

இன்னொன்று. இந்த வயதில் ஓர் ஆணுக்கு இரத்தம் ஏன் குறைந்தது என்று யாராவது பார்த்தார்களா? இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும், அது இயல்பு. மாத்திரை தொடங்கும் முன்பே கறுத்திருந்ததா என்று அவரிடம் கேளுங்கள். ஆம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். குடலில் கசிவு இருக்கலாம்.