பதில்: கல்லு சிக்கினா ஸ்கேட்போர்டு நிக்குது, மழையில நனைஞ்சதுல சக்கரமும் இறுகிடுச்சு

ப்ரோ, 52 மில்லிமீட்டர், 99ஏ சக்கரம்னு போட்டிருக்கீங்க (ஏ-ன்னா கெட்டித்தன்மை; எண் கூடக் கூட சக்கரம் கெட்டி). அது பார்க்குல, வழுவழு கான்கிரீட்ல ஓட்டுறதுக்கு. பெசன்ட் நகர்ல உங்க தெரு மாதிரி ஜல்லி பெயர்ந்த ரோட்டுல பொடிக்கல்லு ஒண்ணு போதும்; போர்டு நின்னுடும், நீங்க மட்டும் போவீங்க.

புது போர்டெல்லாம் வேண்டாம். 78ஏ சாஃப்ட் சக்கரம், 58 அல்லது 60 மில்லிமீட்டர்ல போடுங்க. பெரிய சக்கரம் திரும்பும்போது டெக்குல, அதாவது நிக்குற பலகையில, உரசி ஆளைத் தூக்கி எறியும், அதனால டெக்குக்கும் சக்கரத்தைத் தாங்குற ட்ரக்குக்கும் நடுவுல ரைசர் பேடும் (உயரம் கூட்டுற தகடு) அதுக்கேத்த நீள போல்ட்டும் கட்டாயம். கிக்ஃப்ளிப் மாதிரி குதிச்சு போர்டைச் சுழட்டுற வித்தைக்குக் கொஞ்சம் கனமாத்தான் இருக்கும். தெருவுல ஓட்டணும்னா அதைப் பொறுத்துக்கணும்.

சக்கரம் இறுகினதுக்கு, உள்ள இருந்து அதைச் சுத்த விடுற பேரிங்தான் பெரிய தலைவலி. கடல்காத்து வேற. 13ஆம் நம்பர் ஸ்பேனர்ல சக்கரத்து நட்டைக் கழட்டுங்க, ஆக்சில் (சக்கரம் மாட்டுற கம்பி) முனையை வச்சே பேரிங்கை நெம்பி எடுத்துடலாம். ரப்பர் மூடின்னா குண்டூசியால கிளப்பி, ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல போட்டுக் குலுக்குங்க. கருப்புத் தண்ணி நிக்குற வரைக்கும் மாத்தி மாத்திக் குலுக்கணும். நல்லா காஞ்சதும் தையல் மெஷின் எண்ணெய் ரெண்டே சொட்டு. தேங்கா எண்ணெய் விட்டுடாதீங்க, பிசுபிசுன்னு மண்ணைப் பிடிச்சுக்கும்.

காதுகிட்ட வச்சு சுத்துங்க. அப்பவும் கரகரன்னா துரு உள்ள தின்னுடுச்சு, தூக்கிப் போடுங்க. ஸ்கேட் கடையைத் தேடி அலைய வேண்டாம்; சாதா பேரிங் கடையில 608னு கேளுங்க. உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர், அதே சைஸ்தான்.

ஓட்டுற இடத்துல வாட்ச்மேன் விரட்டுறாருன்னீங்களே, அங்க காலையில ஆறு மணிக்குப் போய்ப் பாருங்க.