வண்டி போச்சு, கடனும் போச்சா?

"அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்குக் கல்லிடைக்குறிச்சி. மஞ்சள் போர்டு கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். ஃபைனான்ஸில் 6 லட்சம் கடன்; 60 மாதம், மாதம் 13,350 ரூபாய் டியூ. 31 டியூ ஒருநாள் தவறாமல் கட்டினேன். பிப்ரவரி கடைசியில் ஆற்றுப் படித்துறையில் பாசி வழுக்கி விழுந்து கால் முறிந்தது. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். மூன்று மாதம் வீட்டோடு கிடந்ததில் மூன்று டியூ நின்றுபோனது. ராத்திரி பத்து மணிக்கெல்லாம் என் மனைவிக்குப் போன் போட்டு அசிங்கமாகப் பேசினார்கள். போன வாரம் என் மச்சினன் (ஜாமீன் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான்) வாகைக்குளம் ஏர்போர்ட்டில் சவாரி இறக்கிவிட்டுத் திரும்பும்போது, வண்ணார்பேட்டையில் நாலு பேர் மறித்து, சாவியைப் பிடுங்கி, இரண்டு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள். அதில் ஒன்று வெற்றுத் தாள். மகளின் சாதிச் சான்றிதழ் டேஷ்போர்டில் இருக்கிறது. ஏழு நாளில் 3,78,000 ரூபாய் கட்டாவிட்டால் ஏலம் என்று இப்போது கடிதம் வந்திருக்கிறது. போன தீபாவளிக்கு அந்த வண்டியை நாலரை லட்சத்துக்குக் கேட்டார்கள். நகையை அடகு வைத்து, மீதியை வட்டிக்கு வாங்கி மீட்கலாமா? இல்லை, வண்டியே போய்விட்டது, கடனும் அதோடு தீர்ந்தது என்று விட்டுவிடலாமா? ஸ்டாண்ட் பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறது."

தம்பி, ஏழு நாள் கெடு என்பதால் கடிதத்தைப் படித்த அன்றே உங்களிடம் போனில் பேசிவிட்டேன். அவசரத்தில் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். உங்கள் நிலையில் இருப்பவர்கள் இந்தத் தாமிரபரணிக் கரையில் இன்னும் எத்தனையோ பேர்.

முதலில் அந்தக் கடைசிக் கேள்வி. வண்டி போனால் கடன் போகாது. ஏலத்தில் கிடைக்கும் பணத்தைக் கடனில் கழிப்பார்கள். அதற்குமேல் பாக்கி நின்றால் உங்களிடம் கேட்பார்கள், நீங்கள் அகப்படாவிட்டால் மச்சினனிடம் கேட்பார்கள். கடன் வாங்கியவருக்கு இருக்கும் அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்றுதான் சட்டம் சொல்கிறது. நீங்கள் விட்டுவிட்டால் அவர் மாட்டிக்கொள்வார். அப்புறம் தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போக முடியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் என் அண்ணனிடம் ஒரு வேன் இருந்தது. இரண்டு மாதம் சவாரி படுத்ததும் டியூ நின்றது, வேனைத் தூக்கிவிட்டார்கள். அண்ணன் அவமானம் தாங்காமல் நாங்குநேரியில் மாமியார் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்த மூன்று தபாலை நாங்கள் யாரும் பிரிக்கவில்லை. பதினெட்டு நாள் கழித்து அவர் திரும்பி வந்தபோது வேனை நாகர்கோவில் புரோக்கர் ஒருவர் எடுத்துப் போயிருந்தார், பாதி விலைக்கு. மீதிக் கடனை இல்லாத வேனுக்காக இரண்டு வருஷம் கட்டினோம். பிறகு ஒருநாள் திருச்செந்தூரில் அந்த வேனைப் பார்த்தேன். பெயிண்ட் மாறி, கண்ணாடியில் வேறு சாமி பெயர் இருந்தது. பின் கதவில் அண்ணன் ரிவர்ஸ் எடுத்து இடித்த நசுக்கல் மட்டும் அப்படியே இருந்தது. வண்டியைத் தூக்கியதில் போனதைவிட, அந்தப் பதினெட்டு நாளில் நாங்கள் சும்மா இருந்ததில்தான் எங்களுக்கு அதிகம் போனது. உங்களுக்கு அந்த நாட்கள் இன்னும் கையில் இருக்கின்றன.

கணக்குக்கு வருவோம். 6 லட்சத்துக்கு 60 மாதம் 13,350 என்றால் குறையும் அசலுக்கு ஏறக்குறைய 12 சதவீத வட்டி. 31 டியூ கட்டிய பிறகு அசல் பாக்கி சுமார் 3,35,000 வரும். நின்றுபோன மூன்று மாதத்தின் வட்டியைச் சேர்த்தாலும் 3,45,000 பக்கம்தான். அவர்கள் கேட்பது 3,78,000. நடுவில் இருக்கும் 33,000 எதற்கு? தூக்கிய கூலி எவ்வளவு, தூக்கிய வண்டியை நிறுத்தி வைக்கும் யார்டின் வாடகை எவ்வளவு, அபராதம் எவ்வளவு? கணக்கு விவர அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். தவணை தவறினால் அபராதக் கட்டணம் வாங்கலாம். அதை வட்டியாகப் போட்டு, அதன்மேல் இன்னொரு வட்டி ஏற்றக்கூடாது என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வரி வரியாகக் கேட்கும் ஆளிடம் தொகை கொஞ்சம் இறங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, முழுக் கடனையும் கட்டினால்தான் வண்டி என்று கடிதத்தில் இருப்பதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். நின்ற மூன்று டியூ 40,050 ரூபாய். செலவையும் சேர்த்து 55,000, 60,000 வரலாம். அதைக் கட்டுகிறேன், பழையபடி மாத டியூவைத் தொடர்கிறேன், வண்டியை விடுங்கள் என்று கேளுங்கள். 31 டியூ தவறாமல் கட்டிய ஆள் என்பது சாதாரண விஷயமில்லை. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியைக் கூடவே வையுங்கள். கிளையில் இருப்பவர் முடியாது என்றால், கடன் ஒப்பந்தத்திலோ கிளைச் சுவரிலோ குறைதீர்ப்பு அதிகாரியின் பெயர் இருக்கும். அவருக்கு எழுதுங்கள்.

நகையைத் தொடுவதாக இருந்தால் இந்த நிலுவைத் தொகைக்கு மட்டும் தொடுங்கள். அதையும் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள். 'இவ்வளவு கட்டினால் இந்தத் தேதியில் வண்டியை ஒப்படைப்போம்' என்று எழுத்தில் வாங்காமல் ஒரு கிராம்கூட வெளியே போகக்கூடாது.

வட்டிக்கு வாங்குவதா? வேண்டவே வேண்டாம். நூற்றுக்கு ஐந்து ரூபாய் வட்டி என்றாலே 3 லட்சத்துக்கு மாதம் 15,000 ஆகிறது. உங்கள் டியூவே 13,350தானே! டியூ கட்டினால் என்றாவது கடன் தீரும், இங்கே அசலில் ஒரு ரூபாய் குறையாது. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு குடும்பமே எரிந்துபோனதை நாம் பார்த்தோம். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

நிலுவையைக்கூடப் புரட்ட முடியவில்லை என்றால் வண்டியை விட்டுவிடலாம், தப்பில்லை. ஆனால் ஏலத்தில் விடாதீர்கள், நீங்களே விற்றுக் கொடுங்கள். தீபாவளிக்கு நாலரை லட்சம் கேட்ட வண்டி இன்று 4 லட்சத்துக்காவது போகும். கடனைத் தீர்த்துவிட்டுக் கையில் கொஞ்சம் நிற்கும். ஏலத்திலே வண்டியை ஓட்டிப் பார்க்காமல் எடுப்பவர்கள்தான் அதிகம், அதனால் விலையும் அடிமட்டமாக இருக்கும். 3 லட்சத்துக்குப் போனால் அவர்கள் கணக்குப்படி 78,000 உங்கள் தலையில் நிற்கும். ஆகவே, 'வாங்க ஆள் கொண்டுவருகிறேன், ஒரு மாதம் ஏலத்தை நிறுத்தி வையுங்கள்' என்று எழுதுங்கள். வாங்குபவர் பணத்தை நேராகக் கடன் கணக்கில் கட்டட்டும். நிறுவனம் ஆட்சேபணையில்லை என்ற என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கொடுத்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி.யில் இருக்கும் எச்.பி. (வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற பதிவு) ரத்தான பிறகுதான் வண்டி முழுதாகக் கைமாறியதாகும். 'மீதி டியூவை நான் கட்டிக்கொள்கிறேன், வண்டியை மட்டும் கொடு' என்று யாராவது வாய்ப்பேச்சில் கேட்டு வருவார்கள். நல்ல மனுஷராகத்தான் தெரிவார். அவர் டியூவை விட்டால் போன் உங்களுக்குத்தான் வரும்.

இன்னொன்று, கடன் கொடுத்த அன்று 6 லட்சத்தில் எதையெல்லாம் பிடித்தார்கள் என்று பழைய தாள்களை எடுத்துப் பாருங்கள். இன்சூரன்ஸ் என்று ஒரு தொகை பிடித்திருந்தால் அந்த பாலிசியை வாங்கிப் படியுங்கள். விபத்தில் படுத்த மாதங்களின் டியூவைக் கொடுக்கும் பாலிசிகளும் இருக்கின்றன. உங்களுடையது அந்த வகையாக இருந்தால் கால் முறிந்த கணக்கிலேயே பாதிப் பிரச்சினை தீரும்.

சரி, அவர்கள் தூக்கியது சட்டப்படி சரியா? இதில் உங்களுக்கு முழுசாக இனிப்பான பதில் சொல்ல முடியாது. ஆள் வைத்து மிரட்டி வண்டியைப் பிடுங்கக்கூடாது, சட்ட வழியில்தான் மீட்க வேண்டும் என்று 2007-ல் ஒரு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொன்னது. அதே நீதிமன்றம் 2020-ல், ஹயர் பர்ச்சேஸ் (தவணை முறையில் வாங்கும்) வழக்கு ஒன்றில், ஒப்பந்தம் இடம் கொடுத்துத் தவணையும் தவறியிருந்தால் பலாத்காரம் இல்லாமல் நிறுவனம் வண்டியை எடுத்துக்கொள்வது குற்றமாகாது என்றும் சொன்னது. முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்து, கொடுக்காமல் எடுத்திருந்தால் அது சேவைக் குறைபாடு. அதனால் எல்லாம் அந்த ஒப்பந்தத் தாளில் இருக்கிறது. எத்தனை நாள் அறிவிப்பு, எப்படி எடுப்பது, ஏலத்துக்கு முன் கட்ட ஒரு கடைசி வாய்ப்பு, திருப்பிக் கொடுக்கும் முறை, ஏல முறை இவ்வளவும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்பது ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதி. கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் அதன் நகலைக் கொடுப்பதும் அந்த விதிகளில் உண்டு. நம் ஆட்கள் இருபது இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு சாவிக்குப் பொட்டு வைத்து வந்துவிடுவார்கள், நகலை யாரும் கேட்பதில்லை. இப்போது கேளுங்கள்.

ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டது தப்பேதான். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன் கேட்டு அழைக்கக்கூடாது, மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவே போட்டிருக்கிறது. உங்கள் மனைவியின் போனில் இருக்கும் அழைப்புப் பட்டியலை அழிக்காமல் படம் பிடித்து வையுங்கள்.

அந்த வெற்றுத் தாள்தான் என்னை உறுத்துகிறது. நாளைக்கு அதில் 'வண்டியை மனமுவந்து ஒப்படைக்கிறேன்' என்று எழுதிக்கொள்ளலாம். எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், எத்தனை பேர் என்று விவரமாக எழுதி, வெற்றுத் தாளில் கட்டாயப்படுத்தி வாங்கிய கையெழுத்து செல்லாது என்று மச்சினன் பெயரிலும் உங்கள் பெயரிலும் ஒரு கடிதம் போக வேண்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதே கடிதத்தில் வண்டிக்குள் இருந்த பொருட்களின் பட்டியலையும், ஓடிய கிலோமீட்டரையும், டயரின் நிலையையும் எழுதுங்கள். கடன் வண்டியின் மேல்தான், உங்கள் மகளின் சாதிச் சான்றிதழ் மேல் அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. வண்டி எந்த யார்டில் நிற்கிறது என்று சொல்ல மறுத்தால் ஃபாஸ்டேக் குறுஞ்செய்திகளைப் பாருங்கள். நாங்குநேரி டோலைத் தாண்டியிருந்தால் தெற்கே போயிருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

போலீஸில் திருட்டு என்று புகார் கொடுக்கச் சொல்லி ஸ்டாண்டில் யாராவது யோசனை சொல்வார்கள். பெரும்பாலும் ஃபைனான்ஸ்காரர்கள் ஸ்டேஷனில் முன்னமே தகவல் சொல்லியிருப்பார்கள், டியூ தவறியதும் உண்மை. அது நிற்காது. மச்சினனை மிரட்டியதற்கும் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியதற்கும் புகார் கொடுத்தால் அதற்கு மதிப்பு உண்டு.

நிறுவனம் அசையவில்லை என்றால் பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் பேசலாம். வருமான வரம்புக்குள் இருந்தால் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டு, ஏலத்தை நிறுத்தி வைக்க இடைக்கால உத்தரவும் கேட்கலாம். 'டாக்ஸி வியாபார வண்டி, இவர் நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு சொல்லும். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழிலுக்கு வாங்கியது நுகர்வோர் சட்டத்துக்குள்தான் வரும், பயப்பட வேண்டாம். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக, முதலில் நிறுவனத்துக்கு எழுதி 30 நாள் காத்திருக்க வேண்டும். ஏலம் அதற்குள் முடிந்துவிடும் என்பதால் அதை இரண்டாவது ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து மத்தியஸ்தர் (கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்ப்பவர்) என்ற பெயரில் ஏதாவது நோட்டீஸ் வந்தால் மூலையில் போடாமல் வக்கீலிடம் காட்டுங்கள், பதில் போகாவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே முடித்துவிடுவார்கள்.

கடைசியாக அந்தக் கூச்சம். கல்லிடைக்குறிச்சி ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகளின் ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள், எத்தனை பேருடையதில் எச்.பி. இல்லாமல் இருக்கிறது என்று எண்ணிவிடலாம். டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டதாகப் போனில் சொன்னீர்கள். சாரல் விழுந்து குற்றாலத்தில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது, ஸ்டாண்டில் அடுத்தவர் வண்டியை நாள் கூலிக்கு ஓட்டும் ஆக்டிங் டிரைவர் கிடைக்காமல் ஆளுக்கு ஆள் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள். கிளைக்குப் போகும் அன்று காலையில் அந்தப் பக்கம் ஒரு நடை போய், சனி ஞாயிறுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.