ஒரு கிண்ணம், எழுபத்திரண்டு கை

"சீனா என்றதும் நேற்று முளைத்த தொழிற்சாலை நகரங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. நூற்றாண்டுக்கணக்கில் உற்பத்தியையே நம்பி வாழ்ந்த ஊர் அங்கே உண்டா? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. ஜியாங்ஷி மாகாணத்தில் இருக்கும் ஜிங்தெஜென். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பீங்கான் சுடும் ஊர். நான் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வார்க்கும் தொழிலில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். அந்த ஊரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று பணம் சேர்த்துப் போய், ஒரு வாரம் தங்கினேன்.

முதலில் பெயர். வட சோங் வம்சத்துப் பேரரசர் ஜென்ஸோங், தம் ஆட்சியில் 1004 முதல் 1007 வரையான ஆண்டுகளுக்கு 'ஜிங்தெ' என்று பெயர் சூட்டியிருந்தார். அரண்மனைக்காகச் செய்யும் கலங்களின் அடியில் அதை எழுத வேண்டும் என்பது அவரது ஆணை. ஊருக்கும் அதுவே பெயராகிவிட்டது. அதற்கு முன் சாங் ஆற்றின் தென்கரை என்ற பொருளில் சாங்னான் என்று அழைத்தார்கள்.

ஏன் அந்த ஊர் என்று கேட்டால், எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ஒரே சொல்லில் பதில் சொல்வோம்: மண். ஊருக்குப் பக்கத்தில் காவோலிங் என்று ஒரு குன்றுக் கிராமம் இருக்கிறது. உயர்ந்த மேடு என்று பொருள். உலகம் முழுவதும் வெள்ளைக் களிமண்ணுக்கு வழங்கும் கயோலின் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். மூட்டை மூட்டையாக வாங்கி, பெயரைப் படித்துப் படித்துப் பழகிய எனக்கு, அந்த மேட்டில் நின்றபோது பேச்சு வரவில்லை.

அந்த மண் மட்டும் போதாது. பீங்கான் கல் என்று ஒன்றை உடைத்து, ஆற்று நீரால் இயங்கும் உலக்கைகளால் இடித்து, கரைத்து, வெள்ளைச் செங்கற்களாக வார்த்துக் கொண்டுவருவார்கள். இரண்டையும் சேர்த்துப் பிசைந்து ஏறக்குறைய 1300 பாகை செல்சியஸில் சுட்டால்தான் பீங்கான். கல் உருகிக் கண்ணாடித்தன்மை தரும். களிமண் உருவம் தளராமல் தாங்கும். ஐரோப்பியர்கள் கல்லை மட்டும் வாங்கிப்போய்ச் செய்து பார்த்துத் தோற்றார்கள் என்று கேள்விப்பட்ட ஒரு வியாபாரி, "எலும்பில்லாமல் சதையை மட்டும் வைத்து உடம்பு செய்யப் பார்த்தார்கள்" என்று சிரித்தாராம். இதை எழுதி வைத்தவர் தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். 1712இலும் 1722இலும் அவர் அனுப்பிய கடிதங்கள்தான் இந்த ஊரின் தொழில் நுணுக்கத்தை ஐரோப்பாவுக்கு விரிவாகச் சொன்னவை. சூளைகள் மூவாயிரம் என்றும், இரவில் ஊரே தீப்பிடித்ததுபோல் தெரியும் என்றும் எழுதியிருக்கிறார்.

எரிக்கச் சுற்றுமலைகளில் பைன் மரம். ஏற்றி அனுப்பச் சாங் ஆறு. அது போயாங் ஏரிக்குப் போகும், அங்கிருந்து யாங்சியைப் பிடிக்கலாம். மங்கோலியர் ஆண்ட யுவான் வம்சக் காலத்தில் பாரசீகத்திலிருந்து கோபால்ட் என்ற நீல நிறமி வந்தது, வெள்ளையில் நீலம் தீட்டிய கலங்கள் கடல்வழியாகத் திரும்பிப் போயின. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் அகழ்ந்தபோது கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளில் ஜிங்தெஜென்னின் நீல வெள்ளைத் துண்டுகளும் இருந்தன. அறுநூறு எழுநூறு ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரையில் யாரோ அதில் சாப்பிட்டிருக்கிறார்கள்.

மண்ணும் ஆறும் வேறு ஊர்களிலும் உண்டு. இந்த ஊரை நிறுத்தியது வேலையைப் பங்கிட்ட விதம் என்றே நான் நினைக்கிறேன். சோங் யிங்ஷிங் என்ற அறிஞர் 1637இல் வெளியிட்ட தொழில் நூலில், ஒரு கோப்பை உருவாக எழுபத்திரண்டு கை மாற வேண்டும் என்று கணக்குச் சொல்கிறார். வனைபவர் வனைவார், அவ்வளவுதான். செதுக்குவது இன்னொருவர், பூச்சில் முக்குவது மற்றொருவர். விளிம்பை ஒட்டி ஒரு நீல வட்டம் போடுவது மட்டுமே ஒருவருடைய வாழ்நாள் வேலை என்பதைப் பாதிரியாரும் பார்த்து எழுதியிருக்கிறார். தொழிற்சாலை வரிசை முறை மேற்கே பிறந்தது என்று பள்ளியில் படித்தோம். இங்கே அது எந்திரம் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது.

சூளையில் வெப்பமானி கிடையாது. சூளைத் தலைவர் பார்வைத் துளை வழியாக உள்ளே எச்சிலைத் துப்பி, அது எப்படி ஆவியாகிறது என்று பார்த்து வெப்பத்தைச் சொல்வாராம். தப்பினால் பல மாத உழைப்பு ஓடாகிவிடும். அரண்மனைச் சூளையில் சிறு குறை இருந்தாலும் கலத்தை உடைத்துப் புதைத்துவிடுவார்கள். இன்று தொல்லியலாளர்கள் அந்தச் சில்லுகளைப் பொருத்திக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1599இல், டிராகன் உருவம் கொண்ட பெரிய தொட்டி ஒன்று சரியாக வேகவில்லை என்று அரண்மனை அதிகாரி தொழிலாளர்களை வதைத்தபோது, தோங் பின் என்ற சூளைக்காரர் எரியும் சூளைக்குள் குதித்தார் என்பது ஊர் சொல்லும் கதை. மறுநாள் தொட்டி முழுதாக வந்ததாம். அவரைத்தான் சூளைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். இந்த ஊர்ப் பேச்சில் பேரரசர்களுக்கு முன்னால் வர வேண்டியது அவர் பெயர் என்பது என் எண்ணம்.

இடைவெளியில்லாத பெருமைக் கதை அல்ல இது. 1950களுக்குப் பிறகு சிறு பட்டறைகள் பெரிய அரசு ஆலைகளாயின. 'பத்துப் பெரிய ஆலைகள்' என்பார்கள். வெளிச்சம் பட்டால் அரிசி மணி அளவில் ஒளிரும் நீலக் கிண்ணங்களைச் சீன உணவகங்களில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பேர்போனது குவாங்மிங் ஆலை. 1990களில் இந்த ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். 1958இல் தொடங்கிய யூஜோ ஆலையின் கூடங்களும் புகைபோக்கிகளும் 2016 முதல் தாவ்ஷிச்சுவான் என்ற கலை வளாகமாக இருக்கின்றன. வெளியூர்களிலிருந்து வந்து குடியேறிய இளைஞர்கள் அங்கே மாலைச் சந்தையில் கடை விரிக்கிறார்கள். அழகான இடம். ஆனால் நான் தேடிப்போனது பட்டறைகளை.

ஒரு சந்துப் பட்டறையில் கிண்ணம் செதுக்கும் முதியவர் ஒருவரிடம் மொழிபெயர்ப்பாளர் அழைத்துப்போனார். கைத்தொழிலாளரை அங்கே 'ஷிஃபு' என்று அழைக்க வேண்டும். நம் மேஸ்திரி, ஆசான் இரண்டும் சேர்ந்த மரியாதை அதில் இருக்கிறது. காய்ந்த, இன்னும் சுடாத கிண்ணத்தைச் சக்கரத்தில் கவிழ்த்து, கத்தியை வைத்தார். துருவிய தேங்காய்போல வெள்ளைச் சீவல் அவர் மணிக்கட்டின் மேல் விழுந்தது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, நகத்தால் சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். கனத்தை அளப்பது அந்த ஓசைதான். எங்கள் கூடத்தில் பொம்மையின் அச்சுக்கோட்டைச் சுரண்டும் அக்காவும் இப்படித்தான் சுண்டிப் பார்ப்பார்.

"ஷிஃபு, வனையவும் செய்வீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லை. அது வேறு ஆள் வேலை."

பதினாறு வயதில் ஆலைக்குப் போனவர். ஆலை மூடியபின் சில ஆண்டுகள் காலையில் நூடுல்ஸ் விற்றார். பிறகு இளைஞர்கள் தங்கள் வடிவங்களை எடுத்துக்கொண்டு வரத் தொடங்கியதும் மறுபடியும் கத்தியைத் தொட்டார். செதுக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் யாரும் ஓர் ஆண்டுக்கு மேல் நிற்கவில்லையாம். எல்லோருக்கும் வனையத்தான் ஆசை, செதுக்கினால் உடம்பெல்லாம் புழுதி.

சுவரோரம் பதினொரு கத்திகள் வரிசையாக இருந்தன. இரும்புப் பட்டையை வளைத்து, அராவி, அவரே செய்துகொண்டவை. ஊர் நினைவாக ஒன்றை விலைக்குத் தருவீர்களா என்று கேட்டேன். அவர் கத்திகளை ஒருமுறை பார்த்துவிட்டு மாட்டேன் என்று தலையாட்டினார். ஒவ்வொன்றும் ஒரு வளைவுக்கு, ஒன்று குறைந்தால் அந்த வளைவு வராது என்றார்.