அழற்சியின் மரபணுக் கட்டுப்பாடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடுவது என்.எஃப்.-கப்பா பி என்ற புரதம் என்றால், அதை அடியோடு முடக்கிவிடலாமே?

பதில்: கூடாது. டி.என்.எஃப். என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதம் தாக்கும்போது செல்லைச் சாகாமல் காப்பதும் இதே புரதம்தான். இதன் முக்கியத் துணை அலகான ரெல்-ஏ இல்லாத சுண்டெலிகள் கல்லீரல் செல்கள் மடிந்து கருவிலேயே இறந்துபோவது 1995-இல் தெரியவந்தது. அதோடு, தன்னைச் சைட்டோபிளாசத்தில் கட்டிவைக்கும் ஐ-கப்பா பி ஆல்ஃபா என்ற புரதத்தின் மரபணுவையும், சமிக்ஞையை மேல்மட்டத்திலேயே அறுக்கும் ஏ20 என்ற புரதத்தின் மரபணுவையும் இயக்குவதும் இதுவே. இதை முடக்கினால் அணைக்கும் ஏற்பாடும் சேர்ந்தே போய்விடும்.

கேள்வி: ஏ20 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று நன்றாக இருந்தால் போதாதா?

பதில்: போதாது. ஒரே பிரதி பழுதானவர்களிடம், பெரும்பாலும் சிறு வயதிலேயே வாய்ப்புண், காய்ச்சல், மூட்டு அழற்சி எனத் தொடங்கும் நோய் 2016-இல் விவரிக்கப்பட்டது.

கேள்வி: சுண்டெலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த மேக்ரோஃபேஜ்களுக்கு (நுண்ணுயிர்களை விழுங்கும் செல்கள்) எல்.பி.எஸ். (பாக்டீரியாவின் வெளிச்சுவர்ப் பொருள்) கொடுத்தேன். இன்டர்லியூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தின் எம்.ஆர்.என்.ஏ. (புரதம் உருவாக்க மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல்) பல நூறு மடங்கு ஏறியது. வளர்ப்புத் திரவத்தில் புரதம் இல்லை. புரதத்தை அளக்கும் கிட் பழுதா?

பதில்: கிட்டில் பழுதில்லை, எம்.ஆர்.என்.ஏ. ஏறினால் அழற்சி வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வதில்தான் பிழை. இந்தப் பிழையை நான் வாரந்தோறும் திருத்துகிறேன், இனியும் திருத்துவேன். எல்.பி.எஸ். முதல் சமிக்ஞை மட்டுமே. அதனால் உருவாவது சுமார் 31 கிலோடால்டன் எடையுள்ள, வேலை செய்யாத முன்வடிவம். ஏ.டி.பி. அல்லது நைஜெரிசின் போன்ற இரண்டாவது சமிக்ஞை வந்து, என்.எல்.ஆர்.பி.3 இன்ஃப்ளமசோம் என்ற புரதத் தொகுதி கூடி, காஸ்பேஸ்-1 என்ற நொதி அந்த முன்வடிவத்தை வெட்டிய பிறகே 17 கிலோடால்டன் புரதம் கிடைக்கும்; அது வெளியேறும் துளையை காஸ்டெர்மின்-டி என்ற புரதம் செல் சவ்வில் இடுகிறது. செல் சாற்றையும் வளர்ப்புத் திரவத்தையும் புரதங்களை எடைப்படி பிரிக்கும் ஒரே ஜெல்லில் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். முதல் பத்தியில் 31-க்கு அருகே தடித்த பட்டை இருக்கும், அடுத்த பத்தியில் 17-க்கு அருகே வெறுமையாக இருக்கும். முதன்முதலில் இதை நான் பார்த்தபோது, படலத்தைத் தவறாகக் கழுவிவிட்டேன் என்றெண்ணி மூன்று முறை திரும்பச் செய்தேன்; செல்கள் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தன. (மனித மோனோசைட்டுகள் எல்.பி.எஸ். மட்டும் கொண்டே இதை வெளியிடக்கூடும். எந்த உயிரினம், எந்தச் செல் என்பதை எழுதாமல் கேள்வி அனுப்பாதீர்கள்.)

டி.என்.எஃப். விஷயத்தில் கட்டுப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. அதன் எம்.ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் அடினினும் யூராசிலும் செறிந்த தொடர்கள் உள்ளன. டிரிஸ்டெட்ராப்ரோலின் என்ற புரதம் அவற்றைப் பற்றி அந்த எம்.ஆர்.என்.ஏ.வை விரைவாகச் சிதைக்கிறது. இந்தப் புரதம் இல்லாத சுண்டெலிகள் உடல் மெலிந்து, மூட்டழற்சியும் தோலழற்சியும் கண்டன, டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் எதிர்ப்பொருள் கொடுத்தபோது அந்த நோய் பெரும்பாலும் தோன்றவில்லை. மரபணு வாசிக்கப்படும் வேகம் ஒன்று, எம்.ஆர்.என்.ஏ. நிலைக்கும் காலம் மற்றொன்று, புரதம் வெட்டப்பட்டு வெளியேறுவது மூன்றாவது. மூன்றிலும் தனித்தனிக் காவல் இருக்கும்போது, முதலாவதை மட்டும் அளந்துவிட்டு மூன்றாவதைப் பற்றி முடிவு எழுதுவது நோயாளிகள் நம்பியிருக்கும் ஒரு துறைக்குச் செய்யும் தீங்கு.

கேள்வி: ஒரு செல்லில் ஃபாக்ஸ்பி3 என்ற புரதம் தெரிந்தால் அது (நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும்) ஒழுங்குபடுத்தும் டி செல்தானே?

பதில்: சுண்டெலியில் பெரும்பாலும் ஆம். மனிதரில், தூண்டப்பட்ட சாதாரண டி செல்களிலும் அது சிறிது நேரம் தோன்றி மறையும். எந்த நேரத்தில் அளந்தீர்கள் என்று எழுதுங்கள். இந்தப் புரதத்தின் மரபணு பழுதானால் வரும், நோயெதிர்ப்பு சொந்த உடலையே தாக்கும் ஐபெக்ஸ் நோயும், 2025-இல் நோபல் பரிசு பெற்ற புறத் தாங்குதிறன் (நோயெதிர்ப்பு சொந்த உடலைத் தாக்காமல் அடங்கியிருத்தல்) ஆய்வும் இந்தச் செல்களின் அருமையை உணர்த்துபவை. அதனாலேயே ஒரே புரதத்தைக் காட்டும் ஒற்றைச் சாயத்தை நம்பி அவற்றை அடையாளம் காணக் கூடாது.

கேள்வி: என் மரபணு அறிக்கையில் நாட்2 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது. குடலில் அழற்சி உண்டாக்கும் குரோன் நோய் வருமா?

பதில்: அந்த மாற்றம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. வயிற்றுத் தொல்லை இருந்தால் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு அலையாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அழற்சியைக் கூட்டும் மரபணுக்கள், குறைக்கும் மரபணுக்கள் என இரு பட்டியல்கள் தேவை. உடனே அனுப்பவும்.

பதில்: அனுப்ப இயலாது. எந்தச் செல், எந்தத் தூண்டல், எந்த நேரம் என்ற மூன்றையும் எழுதாத கேள்விக்குப் பட்டியல் கிடையாது. இன்டர்லியூக்கின்-6 காய்ச்சலுக்கும் காரணமாகும், காயம்பட்ட குடல் சுவர் மீண்டும் வளரவும் உதவும். அதை எந்தப் பட்டியலில் போடச் சொல்கிறீர்கள்?

கேள்வி: ஒருமுறை எல்.பி.எஸ். பெற்ற செல்கள், மறுமுறை கொடுக்கும்போது டி.என்.எஃப்.-ஐக் குறைவாகவே சுரக்கின்றன. செல்கள் சோர்ந்துவிட்டனவா?

பதில்: சோர்வாக இருந்தால் எல்லா மரபணுக்களும் அடங்கியிருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. டி.என்.எஃப்., இன்டர்லியூக்கின்-6 போன்றவற்றின் மரபணுக்களைச் சுற்றியுள்ள குரோமாட்டின் (டி.என்.ஏ.வும் புரதங்களும் சேர்ந்த சுருள்) மூடப்படும்போது, நுண்ணுயிர்களைக் கொல்லும் புரதங்களின் மரபணுக்கள் திறந்தே இருக்கின்றன. சிலவற்றின் அளவு மறுமுறையில் கூடுவதும் உண்டு. உங்கள் கடிதத்தில் முதல் தவணைக்கும் இரண்டாவதற்கும் இடையே எத்தனை மணி நேரம் விட்டீர்கள் என்பது இல்லை. அதை எழுதி அனுப்பினால் மேற்கொண்டு பேசலாம்.