இயற்கைதானே, சேர்த்துச் சாப்பிடலாமா?

கேள்வி: கொலஸ்ட்ராலுக்கு தினமும் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. போடுகிறேன். மகன் ‘ரெட் ஈஸ்ட் ரைஸ்’ கேப்சூல் வாங்கி வந்திருக்கிறான். இயற்கைதானே, கூடவே சாப்பிடலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாங்க. மாப்பிள்ளைச் சம்பா மாதிரி ஏதோ சிவப்பரிசி என்று நினைத்துவிடாதீர்கள். இது அரிசியில் பூஞ்சை வளர்த்துத் தயாரிப்பது, அதிலுள்ள மோனகோலின் கே என்பது உங்கள் அட்டோர்வாஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த இன்னொரு கொலஸ்ட்ரால் மருந்தான லோவாஸ்டாட்டின் மாத்திரையில் இருக்கும் அதே பொருள்தான், ஆக ஒரே வகை மருந்தை இரண்டு பக்கமிருந்தும் விழுங்குகிறீர்கள், தசைக்கும் கல்லீரலுக்கும் அது ஆபத்து. அப்புறம், நெஞ்சுச்சளிக்கு யாராவது கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் அட்டோர்வாஸ்டாட்டின் போடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அது ரத்தத்தில் அட்டோர்வாஸ்டாட்டின் அளவை ஏற்றிவிடும். காரணமில்லாத தசைவலி, சிறுநீர் கறுத்துப்போவது என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மற்றபடி மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், கேப்சூலைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.