கதவில்லாத அலுவலகம்

கேள்வி: அக்கா, கொழும்பு நிறுவனம் ஒன்றின் சம்பளக் கணக்குகளை ஒன்றரை வருடமாக வீட்டிலிருந்தே பார்க்கிறேன். மாமியும் இரண்டு பிள்ளைகளும் கூட இருக்கிறார்கள். பகலில் வேலை ஓடுவதில்லை. நள்ளிரவு வரை இருந்து முடிக்கிறேன். முதுகுவலி, எரிச்சல், கணக்கிலும் பிழைகள். வேலையை விட்டுவிடவா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: விடாதீர்கள், தங்கச்சி. கிளிநொச்சியில் என் வீட்டு விறாந்தையில் இருந்து மொழிபெயர்ப்பு செய்பவள் நான். 2020 ஊரடங்கில் தொடங்கியது. தகரக் கூரையின் கீழே பிளாஸ்டிக் கதிரை, ஸ்டூலில் மடிக்கணினி. மீன்காரரின் ஹோர்ன் கேட்டால் எழும்புவேன். யாராவது வந்தால் தேநீர் வைப்பேன். "வீட்டில்தானே நிற்கிறாய்" என்ற சொல்லைக் கேட்டே களைத்துப்போனேன்.

சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனம் தன் அழைப்பு நிலைய ஊழியர்களை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டுப் பார்த்தது. வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. 2015இல் வெளிவந்த அந்த ஆய்வில் எல்லோரும் எடுத்துச் சொல்வது இந்த எண்ணைத்தான். வீட்டில் தனி அறை உள்ளவர்களையே சேர்த்தார்கள் என்பதையும், வாரத்தில் ஒரு நாள் அவர்கள் அலுவலகம் வந்தார்கள் என்பதையும் விட்டுவிடுகிறார்கள். அப்படியிருந்தும் முடிவில் ஏறத்தாழப் பாதிப் பேர் தனிமை தாங்காமல் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். அறையும் இல்லாமல், கூட வேலை செய்ய ஆளும் இல்லாமல் நீங்கள் ஒன்றரை வருடம் தாக்குப்பிடித்திருக்கிறீர்கள். குறை உங்களிடம் இல்லை.

அறை இல்லாவிட்டால் ஒரு மூலை போதும். நான் பழைய சேலை ஒன்றைக் கயிற்றில் கட்டினேன். சேலை விழுந்திருந்தால் வேலை, ஒதுக்கியிருந்தால் வீடு. பிள்ளைகள் இரண்டு கிழமைக்குள் பழகிவிட்டார்கள். கதிரையை மட்டும் இன்றே மாற்றுங்கள். சாப்பாட்டு மேசையின் மரக்கதிரையும் முதுகுக்கு ஒரு தலையணையும் போதும்.

மாமியைக் கோபிக்காதீர்கள். அவர் கண்ட வேலை வயலிலும் தோட்டத்திலும் உடம்பு முறிவது. இருந்த இடத்தில் திரையைப் பார்ப்பது அவர் கண்ணுக்கு ஓய்வுதான். ஒருநாள் பக்கத்தில் இருத்தி ஒரு வரியைத் தொட்டுக் காட்டுங்கள்: "மாமி, இந்த இலக்கம் பிழைத்தால் ஒரு மனிசிக்கு இந்த மாதச் சம்பளம் குறையும்." சம்பளம் பிந்தினால் வீடு என்ன பாடுபடும் என்பது அவருக்குத் தெரியாததா?

மத்தியான வெக்கையில் கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். நிறுவனம் சம்மதித்தால் விடிய ஐந்து மணிக்குத் தொடங்குங்கள். இரவு ஒன்பதுக்குப் பிறகு மடிக்கணினியைத் திறக்காதீர்கள். பிழைகள் அந்த நேரத்தில்தான் நுழைகின்றன.

கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். கணவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பின்னேரம் இரண்டு மணிநேரம் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லி அவரிடம் கேட்டீர்களா?